கடைக்கால் குழியில் ஒரு பானை

‘ணங்!’

கடப்பாரை கல்லில் மோதிய சத்தம் உத்திரமேரூர் பஜார் முழுக்கக் கேட்டது. டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்த கையை அந்தரத்தில் நிறுத்தினார். பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். ஜவுளிக்கடை வாசலில் பேரம் பேசிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் புடவையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள். ஊரில் தீப்பிடித்தால்கூட இவ்வளவு சீக்கிரம் கூட்டம் சேர்ந்ததில்லை.

அஹமது பாட்சாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளே கேட்டது. காரணம், மனை அவருடையது.

பாட்சா இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி, கீல், வாளி, ஏர்க்கொழு, மாட்டு லாடம் என்று சகலமும் கிடைக்கும். கடை இருந்த கட்டடம் தாயாரம்மாளுக்குச் சொந்தம். அந்த அம்மாளின் பிள்ளை அங்கே மருந்துக்கடை வைக்கப் போகிறானாம். ஐப்பசி பிறப்பதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மழைக்காலத்தில் மூன்று வண்டி இரும்பைத் தெருவில் போட்டு வைத்தால் அது கடையாக இருக்காது, துருவாகத்தான் இருக்கும். ஆடி பிறந்தால் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுக்கக் கூடாது என்று மேஸ்திரி அடம்பிடித்ததால், ஆனி கடைசி வாரத்தில் அவசரமாக வேலையைத் தொடங்கியிருந்தார். அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த ‘ணங்’.

மனையை அவருக்கு விற்றவர் ஏகாம்பரம். நாற்பது வருஷமாக எருக்கஞ்செடியும் இடிந்த சுவருமாகக் கிடந்த இடம் அது. அதில் பேய் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னவரும் அவர்தான், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டவரும் அவர்தான். ஆறு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு அந்த மனைக்கு எதிரே வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. அன்றைக்கே பேய் மனையை விட்டு இறங்கி ஏகாம்பரத்தின் மீது ஏறிக்கொண்டது.

கடப்பாரைச் சத்தம் கேட்ட இரண்டாவது நிமிஷம் அவர் குழியின் விளிம்பில் நின்றார். கல்லின் மேல் இருந்த மண்ணைத் துண்டால் துடைத்தார். தேய்ந்துபோன இரண்டு எழுத்துகள் தெரிந்தன. கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சோழன்” என்றார். அவ்வளவுதான். வேலை நின்றது.

மறுநாள் காலையில் கல்லுக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சாத்தியிருந்தது. மத்தியானம் ‘ஊர்ப் பெருமைப் பாதுகாப்புக் குழு’ என்ற ஒன்று எண்பத்து மூன்று கையெழுத்தோடு மனு கொடுத்தது. குழுவுக்கு அப்போது வயது ஆறு மணி நேரம். ஊர் நடுவே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதிமுறையெல்லாம் சுவரில் வெட்டிவைத்த மண்டபம் ஒன்று இருக்கிறது. குழுவினர் அந்தச் சுவரை இதுநாள் வரை முதுகு சாய்க்கத் தவிர வேறு எதற்கும் உபயோகித்ததில்லை. அது மட்டுமா? ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்கு ஒரு மனு எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாட்சா ஏகாம்பரத்திடமே நேரில் போய்க் கேட்டார். ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தி, அந்த மனைக்குக் கீழே ஒரு சுரங்கம் இருப்பதாகவும், அது நேரே திருமுக்கூடல் வரைக்கும் போவதாகவும் தெரிவித்தார்.

“மூணு ஆறு சேர்ற எடமாச்சே அது, நைனா. ஆத்துக்கு அடியில பூந்து போவுதா? தண்ணி ஒழுவாது?”

“ராஜா கட்டினது பாய். உன் கடை வாளியாட்டம் ஒழுவாது.”

தொல்பொருள் இலாகாவுக்குப் போன மனு நாற்பது நாள் கழித்து ஓர் ஆளை அனுப்பியது. பெயர் வேதகிரி. மெலிந்த உடம்பு, தலையில் துணித்தொப்பி, கையில் ஒரு தகரப்பெட்டி. பஸ்ஸை விட்டு இறங்கியவர் வரவேற்ற மாலையை வாங்கித் தகரப்பெட்டிக்குப் போட்டுவிட்டுக் கல்லைப் பார்க்கப் போனார். கைக்குட்டையை நனைத்துக் குங்குமத்தைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். சிரித்தார்.

வெள்ளைக்காரன் காலத்து மைல்கல்லாம். செங்கல்பட்டு பதினேழு மைல் என்று தமிழ் இலக்கத்தில் போட்டிருக்கிறதாம். யாரோ சாலையிலிருந்து பெயர்த்து வந்து துணி துவைத்திருக்கிறார்கள்.

ஏகாம்பரம் அசரவில்லை. “சோழன் காலத்துலயும் செங்கல்பட்டு பதினேழு மைல்தானே, சார்?” என்றார்.

கல் போனாலும் மனு போகவில்லை. மனு என்று ஒன்று வந்துவிட்டால் மனை முழுவதையும் சோதித்துத்தான் பதில் எழுத வேண்டும் என்றார் வேதகிரி. மூன்று இடத்தில் சோதனைக் குழி போடுவார். கட்டடச் சுவரோ கல்வெட்டோ வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லி எழுதுவார். உடைந்த பானை ஓடு, பாசிமணி வந்தால் பொறுக்கி எடுத்துக் குறித்துக்கொண்டு, கட்டலாம் என்று எழுதுவார். இரண்டில் எது என்பது மண்ணுக்குத்தான் தெரியும், தனக்குத் தெரியாது என்றார்.

அன்று முதல் பாட்சாவுக்குக் கடையில் வேலை ஓடவில்லை. உலகத்திலேயே தன் மனையில் புதையல் கிடைக்கக் கூடாது என்று ஐந்து வேளையும் தொழுத ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

முதல் குழி மூன்று நாள் நடந்தது. வேதகிரி வெட்டவில்லை, சீவினார். கொத்தனார் கரண்டியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் துடைப்பதுபோல் மண்ணைத் துடைத்தார். மண் சுமக்க வந்த பாஞ்சாலி, “இந்த வேகத்துல போனா என் பேத்திக்கும் இங்கயே வேலை கீது” என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கினாள்.

மேலே சோடா பாட்டில் சில்லு, சிம்னி விளக்கின் பர்னர், பல்பொடி டப்பா. அதற்குக் கீழே கண்ணாடி வளையல் துண்டு, ஆட்டு எலும்பு, சாம்பல். அதற்கும் கீழே செங்கல் தூள், பானை ஓடு. கடைசியில் கறுப்பு வண்டல். வேதகிரிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒவ்வொரு சில்லையும் துணிப்பையில் போட்டுச் சீட்டு எழுதினார். பிறகு தீர்ப்பு சொன்னார்: பழைய காலத்தில் இது ஒரு பள்ளம், தண்ணீர் தேங்கிய இடம். முந்நூறு வருஷமாக ஊர் தன் குப்பையை இங்கேதான் கொட்டியிருக்கிறது.

தான் வாங்கியது குப்பைமேடு என்று அரசாங்கமே சொன்னதைக் கேட்டு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை உத்திரமேரூர் பார்த்ததில்லை. பாட்சா எல்லோருக்கும் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தார். ஏகாம்பரத்துக்கும் ஒரு டம்ளர் போயிற்று. அவர் அதைத் தொடவில்லை. பரம்பரைச் சொத்தைக் குப்பைமேடு என்றதில் அவருக்கு வந்த ஆத்திரம் பாலை முறித்திருக்கும்.

வேதகிரி இரண்டாவது குழிக்கு இடம் அளந்து, நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டினார். பிள்ளையார் சதுர்த்திக்கு ஐந்து நாள் ஊருக்குப் போய்வருவதாகச் சொல்லிப் பஸ் ஏறினார். எங்கே தோண்டப் போகிறோம் என்று கயிறு கட்டிக் காட்டிவிட்டுப் போவது அவருடைய இலாகாவின் முறை. அந்த முறையை வகுத்த புண்ணியவான் உத்திரமேரூரைப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த ஐந்து நாளும் ஊர் ஒரு தினுசாக இருந்தது. பாட்சா டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள். ஓலையில் ஜாதகம் எழுதும் சுப்பிரமணியின் வீட்டு வாசலில் காலையிலும் மாலையிலும் செருப்புகள் குவிந்து கிடந்தன. அரிசி மில் கன்னியப்பன் உள்ளே போனார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் பஞ்சாட்சரம் குடையோடு போனார். ஆவணி மாதமாயிற்றே, கல்யாணப் பொருத்தம் பார்க்கிறார்கள் என்று பாட்சா நினைத்துக்கொண்டார். இத்தனை கல்யாணத்துக்கும் எவ்வளவு வாளி விற்கும் என்றுகூடக் கணக்குப் போட்டார்.

வேதகிரி திரும்பி வந்த மறுநாள் காலை, இரண்டாவது குழியில் மூன்றடி இறங்கியதும் பாஞ்சாலியின் கரண்டி ‘டொக்’ என்றது.

“சார், பானை” என்றாள் அவள். எட்டிப் பார்த்துவிட்டு, “புதுசாத்தான் கீது” என்றும் சேர்த்தாள். அன்றைக்கு அந்த இடத்தில் பேசப்பட்ட ஒரே தொல்லியல் கருத்து அதுதான். யாரும் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் அதற்குள் ஏகாம்பரம் வந்துவிட்டார். பானை கிடைத்து மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. அவர் கையில் சம்பங்கி மாலை இருந்தது. ஆளுயர மாலை. கட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். பின்னாலேயே காஞ்சிபுரத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து காத்திருந்த நிருபர் ஒருவர் காமிராவோடு நின்றார்.

களிமண் பூசி வாய் மூடிய பானை. ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இது குடவோலைப் பானை என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் சபைக்கு ஆள் எடுக்கும்போது, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்களே, அந்தக் குடமேதான். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் தங்கக்காசு, செப்புச்சிலை என்று யோசித்திருப்பான். தேர்தலில் நின்று ஜெயித்த பெருமையை மண்ணில் புதைத்து வைக்கலாம் என்று தோன்றுவது உத்திரமேரூர்க்காரனுக்கு மட்டும்தான்.

அன்று சாயங்காலம் வேதகிரி இரும்புக்கடைக்கு வந்தார். ஆணி மூட்டை மேல் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குண்டை எடுத்துப் பாட்சாவின் உள்ளங்கையில் வைத்தார். கோலி சோடா குண்டு. பானைக்கு நேர் அடியில் கிடந்ததாம். சோழர்கள் பானையை வைப்பதற்கு முன்னால் ஒரு சோடா குடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றார். மேலே இருந்த மண்ணும் நேற்றுப் போட்டதுபோல் பொலபொலவென்று இருந்ததாம்.

பாட்சாவுக்கு உயிர் வந்தது. “அப்பறம் இன்னா சார்? பொய்யின்னு எளுதிட்டு வுட்ருங்க.”

“எழுதறேன் பாய். ஆனா உங்க ஊர்லேருந்து எங்க ஆபீசுக்குப் பதினாலு தந்தி போயிருக்கு. ஞாயித்துக்கிழமை ஜனங்க முன்னாடி பானையைத் திறந்துட்டு அப்புறம் எழுதுன்னு உத்தரவு. நான் பொய்ன்னு எழுதி, ஊரு நிஜம்னு நம்பிடுச்சுன்னா, கோர்ட்டுல தடை வாங்கிடுவாங்க. அந்த கேஸு முடியறதுக்குள்ள நீங்க எந்தத் தெருவுல உக்காந்து ஆணி விப்பீங்க?”

ஐப்பசி பிறக்க இன்னும் நாற்பது சொச்சம் நாள்தான் இருந்தது. கடை மூடும் நேரத்தில் ஏகாம்பரம் அந்தப் பக்கம் வந்து, மிகுந்த அனுதாபத்தோடு ஒரு யோசனை சொன்னார். சரித்திரம் உள்ள இடத்தில் கட்ட முடியாது, வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், வாங்கின விலைக்கே திருப்பிக் கொடுத்துவிடு, ஊருக்காக நான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பானையைத் திறந்த கையோடு பத்திரம் பேசலாம் என்று பாட்சா சொல்லி அனுப்பினார். வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைக்கு எதிரே ஷாமியானா போட்டார்கள். மைக் செட் கட்டினார்கள். அந்தக் காலத்தில் ஒரு சின்னப் பிள்ளையை விட்டுத்தான் ஓலையை எடுக்கச் சொல்வார்களாம். யார் வீட்டுப் பிள்ளை என்பதில் குழு இரண்டாகி, இரண்டு நான்காகிக் கடைசியில் வேதகிரியே எடுக்கட்டும் என்று முடிந்தது. முன்வரிசையில் கன்னியப்பன், பஞ்சாட்சரம், இன்னும் ஊர்ப் பெரிய மனுஷர்கள் அனைவரும் சலவை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்சா கடைசி வரிசையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேதகிரி களிமண்ணை உடைத்து, பானைக்குள் கையை விட்டார். முதல் ஓலையை எடுத்து மைக்கில் படித்தார். ஏகாம்பரத்தின் கொள்ளுத்தாத்தா பெயர். கைதட்டல் விண்ணைப் பிளந்தது. ஏகாம்பரம் எழுந்து கும்பிட்டார். இரண்டாவது ஓலையிலும் அவர் வம்சமே வந்தது. மூன்றாவது அவருடைய மாமனார். மாமனார் இறந்து எட்டு வருஷம்தான் ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தட்டினார்கள். நாளைக்குத் தங்கள் முறை வரும்போது தட்ட ஆள் வேண்டாமா?

பிறகு அரிசி மில் வம்சம் வந்தது. மளிகைக்கடை வம்சம் வந்தது. இருபது, முப்பது, முப்பத்தைந்து என்று ஓலை வந்துகொண்டே இருந்தது. முப்பதைத் தாண்டியதும் ஏகாம்பரம் நெற்றியைத் துடைக்க ஆரம்பித்ததைப் பாட்சா கவனித்தார். அவர் மேடையின் ஓரத்தில் நின்ற சுப்பிரமணியைப் பார்த்தார். சுப்பிரமணி வானத்தைப் பார்த்தார்.

நாற்பத்தோராவது ஓலையை வேதகிரி இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“பஞ்சாட்சரம், பி.ஏ., பி.டி.”

இதோடு தீர்ந்தது என்று பாட்சா பெருமூச்சு விட்டார். தீரவில்லை. முன்வரிசையில் ஹெட்மாஸ்டர் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் தட்டியது. சோழர் காலத்திலேயே படிப்பில் நம் ஊர் முந்தியிருக்கிறது என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இந்த ஊர் எதையும் நம்பும். நம்ப வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டால், பானைக்குள்ளிருந்து ரேஷன் கார்டு வந்தாலும் தட்டும். மனை போயிற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

வேதகிரி அடுத்த ஓலையை எடுத்தார். படிக்க வாயைத் திறந்தவர் ஒரு கணம் பாட்சாவைப் பார்த்தார்.

“நசுருதீன் சாயபு, லாடக்கடை.”

பாட்சாவின் பாட்டனார் பெயர் அது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

யாரும் தட்டவில்லை. பி.ஏ., பி.டி.யை மோர் குடிப்பதுபோல் விழுங்கிய தொண்டைகளில் இந்தப் பெயர் முள்ளாக நின்றது. அத்தனை தலையும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது. ஏகாம்பரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டே எட்டில் மேடைக்குப் போய், சுப்பிரமணியின் தோள்துண்டைப் பிடித்தார். மைக் ஒரு முழத்தில் இருப்பது கோபத்தில் அவருக்குத் தெரியவில்லை.

“யோவ், முப்பது பேருதானேய்யா உன்னை எளுதச் சொன்னேன்? இந்தப் பேரை எவன் சொல்லிய்யா சேத்தே?”

மைக் செட் நல்ல மைக் செட். அந்தக் கேள்வியை மாகறல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

வேதகிரி ஓலையை மேஜை மேல் வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குறிப்புப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கீழே கோடு இழுத்தார். காமிராக்காரர் ஏகாம்பரத்தின் கை தோள்துண்டில் இருந்த நிலையில் ஒரு படம் எடுத்தார். முன்வரிசையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீட்டில் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது. பத்து நிமிஷத்தில் ஷாமியானாவுக்குக் கீழே ஷாமியானாக்காரன் மட்டும்தான் இருந்தான்.

மிச்சக் கதையைச் சுப்பிரமணியே சொன்னார். ஏகாம்பரம் கேட்டது முப்பது ஓலை. ரகசியம் என்று சொல்லிப் பதினோரு பேரிடம் அவரே சொல்லியிருக்கிறார். பதினோரு பேரும் தனித்தனியாக வந்து, என் தாத்தா பெயரையும் போடு என்று கேட்டார்களாம். அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து, எங்கள் அப்பன் பெயரையும் போடு என்றார்களாம். வந்தவர்களை இல்லை என்று அனுப்ப அவர் மனசு கேட்கவில்லை. பெரிய பானையாக வாங்கியிருக்கலாம் என்பது ஒன்றுதான் அவருடைய வருத்தம். பாட்சாவின் பாட்டனார் பெயரைச் சொன்னது யார் என்று கேட்டதற்கு மட்டும், “வூட்டுல போயிக் கேளு பாய்” என்றார்.

இடையில் தொடங்கியிருந்த மூன்றாவது குழியும் மறுநாள் முடிந்தது. அதிலும் குப்பைதான். கடைக்கால் எடுக்கலாம், ஆழம் போகும்போது ஓடு எதுவும் வந்தால் எடுத்து வைக்கவும் என்று வேதகிரி காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, சில்லு மூட்டைகளோடு பஸ் ஏறினார். மேஸ்திரி செவ்வாய்க்கிழமை வேண்டாம், புதன் காலையில் வருகிறேன் என்றார்.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாட்சா வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி வகிதா சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் நாலு வார்த்தை பேசினாலே அதிகம். ஜாதகக்காரர் வீட்டுக்கு எப்போது போனாள் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, பானை உடைந்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லிச் சிரித்தார். உன் ஒரு ஓலைதான் அத்தனை பேர் வேஷத்தையும் கலைத்தது, வக்கீல்கூட இப்படி ஒரு சூழ்ச்சி பண்ணியிருக்க மாட்டான், மனையைக் காப்பாற்ற இந்த யோசனை உனக்கு எப்படித்தான் வந்தது என்று கேட்டார்.

வகிதா மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையை உதறினாள்.

“மனையைக் காப்பாத்தறதுக்கா? அதெல்லாம் நான் எங்கங்க நெனைச்சேன். ஊர்ல கீறவங்க பேரெல்லாம் உள்ள போவுது, நம்ம பேரை மட்டும் வுட்டுட்டா, நாளைக்கு நம்ம புள்ளைங்களப் பாத்து நீ எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்களா?”